எருமைக்கும் குதிரைக்கும் ஒரே துணி

போன வாரம் தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினான். காரை விட்டு இறங்கியவன் பெண்டாட்டி நீட்டிய கையைப் பிடிக்கவில்லை, அக்கா நீட்டிய தோளையும் பிடிக்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே நேராகப் பின்னறைக்குப் போய், "எருமை எப்படி இருக்கு?" என்றான்.

எருமை நன்றாகத்தான் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு குதிரை நின்றதுதான் வம்பு.

இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் மிரள வேண்டாம். இந்த வீட்டில் சாணி அள்ளும் வேலை கிடையாது. கீழே துணி வெட்டும் கூடம், மேலே குடித்தனம், மாடிப்படிக்கு அடியில் பின்னறை. எருமை என்பது அங்கே கிடக்கும் பழைய சர்வர் கம்ப்யூட்டர். ஏதோ ஒரு பெரிய அலுவலகம் தலைமுழுகிய சரக்கு. உள்ளே இரண்டு ப்ராசஸர், ஒவ்வொன்றிலும் பதினாலு கோர், அதாவது தனித்தனியாகக் கணக்குப் போடும் பதினாலு மூளை. கல்யாண மண்டபம் மாதிரி மெமரி. அதைக் கிளப்பினால் கூரையில் ஹெலிகாப்டர் இறங்குகிறதா என்று பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார்.

குதிரை புது டெஸ்க்டாப். ஒரே ப்ராசஸர், பதினாறு கோர். மூச்சு விடுகிறதா என்று காது வைத்துத்தான் பார்க்க வேண்டும். தம்பி காய்ச்சலில் கிடந்த நாட்களில் அவன் மனைவி வாங்கிப் போட்டது. எருமையைக் கிளப்ப ஏகப்பட்ட தந்திரம் தெரிய வேண்டும். அத்தனையும் தம்பி தலைக்குள் இருந்தது. தம்பி தலை ஈரத்துணிக்குள் இருந்தது. கூடத்தில் வேலை நிற்கக் கூடாதே, அவள் வேறென்ன செய்வாள்?

அந்த மனைவியைக் கூடமே 'பென்சில்' என்றுதான் கூப்பிடும். சட்டைக்கு வேண்டிய கை, முதுகு, காலர் எல்லாவற்றுக்கும் வடிவம் வரைகிறவள். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். தூங்கும்போதாவது எடுப்பாளா என்று கேட்டால் தம்பி தன் கன்னத்தைத் தடவிக் காட்டுவான்.

இன்று காலை பெரியக்கா கழுத்தில் அளவு நாடாவை மாலையாகப் போட்டுக்கொண்டு பின்னறை வாசலில் வந்து நின்றாள். கூடம், குடித்தனம், குடும்பம் மூன்றுக்கும் அவள்தான் முதலாளி. பேரம் பேசாமல் மூச்சுக்கூட வாங்க மாட்டாள்.

"அப்பா வச்ச சட்டம் ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கா?"

"ஒண்ணு உள்ளே வந்தா ஒண்ணு வெளியே," என்றான் தம்பி, கட்டிலில் படுத்தபடியே. மாடி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் பின்னறைக்கு அடுத்த அறையில் அவனுக்குக் கட்டில் போட்டிருந்தது. இடையில் கதவு கிடையாது, திரைதான்.

"அப்போ நான் உள்ளே வந்த அன்னிக்கு யாரை வெளியே அனுப்புனீங்க அக்கா?" என்றாள் பென்சில்.

"உன் புருஷனோட புத்தியை."

தம்பி சிரித்தான், சிரிப்பு இருமலாகி அடங்கியது. இரண்டு பெண்களும் அது அடங்கும்வரை சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். அந்த இருமலை எண்ணி எண்ணிப் பழகியவர்கள்.

"குதிரையைத் திருப்பிக் குடுக்கறதா இருந்தா இன்னிக்குச் சாயந்தரத்துக்குள்ள சொல்லணும்னு கடைக்காரர் போன்ல சொல்லிட்டார்," என்று பெரியக்கா தொடர்ந்தாள். "ரெண்டையும் தராசுத் தட்டில வைப்போம். ஒரே வேலை, ஒரே நேரம். ஜெயிச்சது இந்த அறையில. தோத்தது வாசல்ல."

"இருபத்தெட்டு கோர் பெருசா, பதினாறு பெருசா, அதையும் நீங்களே சொல்லிடுங்க," என்றான் தம்பி.

"இருபத்தெட்டு."

"அப்படி எண்ணக் கூடாதுக்கா," என்றாள் பென்சில். "நம்ம கூடத்துல இருபத்தெட்டு பேர் நிதானமா வெட்டறாங்கன்னு வைங்க. எதிர்க் கடையில எட்டு பேர் மின்னல், எட்டு பேர் எடுபிடி. யார் முதல்ல முடிப்பாங்க?"

"எடுபிடி டீக்குப் போகாம இருந்தா எதிர்க் கடை."

"அதேதான். எருமையோட கோர் ரெண்டு மூணு சேர்ந்து செய்யறதை இதுல ஒரு பெரிய கோர் தனியா செஞ்சிடும்."

தம்பி முழங்கையை ஊன்றி நிமிர்ந்தான். "ஒரேயடியா அளக்காத. நிதானமா வெட்டறவன் கையில தப்பு வராது. எருமையோட மெமரியில ஒரு புள்ளி பிசகினாலும் அதுவே கண்டுபிடிச்சுத் திருத்திக்கும். இத்தனை வருஷத்துல ஒரு மார்க்கர் தப்பா குடுத்திருக்கா? நீயே சொல்லுக்கா."

"இல்லடா. ஆனா அது குடுக்கறதுக்குள்ள எனக்கு நரைச்சுப் போயிருக்கு."

மார்க்கர் என்பது துணி வெட்டும் தொழிலின் உயிர்நாடி. ஒரு சட்டைக்கு வேண்டிய துண்டுகள் எல்லாவற்றையும் துணியின் அகலத்துக்குள் இப்படித் திருப்பி, அப்படிச் சாய்த்து, சந்து பொந்தெல்லாம் அடைத்து வரைந்த நீளக் காகிதம். பண்டிகைக் கால பஸ்ஸில் ஆள் ஏற்றுகிற கலைதான். நல்ல மார்க்கர் என்றால் துணி மிஞ்சும், மோசமான மார்க்கர் என்றால் முதலாளி கெஞ்சணும். அந்தத் திருப்பலையும் சாய்த்தலையும் லட்சக்கணக்கான தடவை செய்து பார்ப்பதுதான் கம்ப்யூட்டரின் வேலை. எத்தனை தடவை முயல்கிறதோ அத்தனை மிச்சம்.

இன்றைய மார்க்கர் சாதாரண மார்க்கர் அல்ல.

தம்பியைப் பிழைக்க வைத்த வார்டுக்கு என்ன செய்வது என்று பெரியக்கா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தலைமை நர்ஸிடம் பேரத்தை ஆரம்பித்திருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக விலையை ஏற்றிக்கொண்டே போன பேரம். எதிராளி இறக்கிக்கொண்டே போனாள். பரிசு கூடாது, பணம் கூடாது, இனிப்புகூட எண்ணித்தான் வாங்குவோம் என்றாள் தலைமை நர்ஸ். "நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"வார்த்தை இலவசம்மா. எங்க வீட்டில இலவசத்துக்கு மரியாதை கிடையாது," என்றாள் பெரியக்கா.

கடைசியில் யூனிஃபார்மில் வந்து முடிந்தது. அதுவும் கடையில் தொங்குகிற சின்னது, நடுத்தரம், பெரியது இல்லை. ஒவ்வொருத்தர் உடம்புக்கும் தனித்தனி அளவு. குனிந்து நோயாளியைத் தூக்கினால் முதுகில் ஏறாத சட்டை. தெர்மாமீட்டர் விழாத பாக்கெட். இடதுகைக்காரிக்கு இடது பக்கம். தலைமை நர்ஸ் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "எல்லாருக்கும்னா எல்லாருக்கும். ஒருத்தருக்குக் குறைஞ்சாலும் மத்தவங்க யாரும் போட மாட்டாங்க."

வார்டின் இளம்பச்சைக்குச் சாயம் போடுகிறவர் தொட்டியைக் கழுவிவிட்டார். அடுத்த தொட்டியில் பச்சை கொஞ்சம் வேறு பச்சையாகத்தான் வரும். ஆகவே கையில் இருக்கும் துணிதான் துணி. துண்டுகளோ ஒன்றுபோல் ஒன்று இல்லை.

இதற்கு மேல் தம்பி ஒரு வேண்டுதல் வைத்திருந்தான். அதை இப்போது மறுபடி எடுத்தான்.

"அந்த இன்னொருத்தங்களுக்கும் ஒண்ணு வேணும்க்கா."

"மறுபடியுமா? வார்டுல அப்படி யாருமே இல்லைன்னு தலைமை நர்ஸே சொல்லிட்டாங்கடா."

"இருந்தாங்க. காய்ச்சல் ஏறினப்போ உதட்டுல ஈரத்துணி வச்சாங்க. முகம் ஞாபகம் இல்ல. கைல கஞ்சி போட்ட துணி வாசனை. நீங்க ரெண்டு பேரும் வெளியில உட்கார்ந்திருந்தப்போ உள்ளே அவங்கதான் இருந்தாங்க."

"ஆளும் தெரியாம அளவும் தெரியாம எப்படிடா வெட்டறது? காத்துக்குச் சட்டை தைக்கறதா?"

"துணியையாவது மிச்சம் பிடிச்சு வைப்போம்."

பெரியக்கா நாடாவை இழுத்து இழுத்து விட்டாள். பேரத்தில் தோற்கும்போது அவள் அப்படிச் செய்வாள். "சரி. எந்த மார்க்கர் வார்டு முழுக்க முடிச்சு, ஒரு ஆள் துணி மிச்சம் வைக்குதோ, அந்த மிச்சம் உன் ஆளுக்கு. இல்லேன்னா வாயை மூடிக்கணும்."

"சம்மதம்."

"சட்டத்தோட அடுத்த பாதி. சரக்குக்காரன் தன் சரக்கைத் தானே தட்டில வைக்கணும். அடுத்தவன் பார்க்கக் கூடாது, தொடக் கூடாது. முதல்ல நீ போ பென்சில்."

இந்த இரண்டாம் பாதியில்தான் வீடு கவிழ்ந்தது.

* * *

கூடத்தில் காலை டீ வந்து போனது. கட்டிங் மாஸ்டர் பச்சைத் துணியை மேசையில் விரிக்கத் தயாராக உருளைகளை எண்ணிக்கொண்டிருந்தார். "லாபம்... ரெண்டு... மூணு..." இந்தக் கூடத்தில் ஒன்று என்ற எண்ணே கிடையாது. அப்பா காலத்திலிருந்து எண்ணிக்கை லாபத்தில்தான் ஆரம்பிக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் நாள் சிரிப்பார்கள், அடுத்த நாள் அவர்களும் எண்ணுவார்கள்.

பின்னறையில் இருவரும் தனித்தனியாக ஓட விட்ட இரண்டு கம்ப்யூட்டர்களின் திரைகளும் வேலை முடிந்து ஒரே சமயத்தில் நின்றன.

பென்சில் குதிரையைப் பார்த்தாள். கடைசி நர்ஸின் முதுகுத் துண்டு துணிக்கு வெளியே சிவப்பாகத் தொங்கியது. எருமையைப் பார்த்தாள். அதே முதுகு, கூடவே ஒரு கை. அதுவும் சிவப்பு.

"ரெண்டுமா?" என்றாள்.

தம்பி திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்து நின்றான். "ரெண்டுமா?" என்றான் அவனும். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் எதிராளியின் திரையையே பார்த்தார்கள்.

"துணியே பத்தாதுன்னா எந்த மாடு என்ன செய்யும்?" என்றார் எட்டிப் பார்த்த கட்டிங் மாஸ்டர்.

பெரியக்கா சொல் தவறியதாக இந்தத் தெருவில் யாரும் சொன்னதில்லை. போனைக் கையில் எடுத்தாள், தலைமை நர்ஸின் எண்ணைத் தேடினாள், பிறகு போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"ஒருத்தருக்குக் குறைஞ்சா யாருக்கும் வேண்டாம்னு சொன்னாங்க. என் தம்பியைக் குடுத்தவங்கடி அவங்க. அவங்க முன்னாடி போய் 'துணி பத்தல'ன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

தம்பி சுவரில் சாய்ந்தான். பென்சில் கொண்டையிலிருந்த பென்சிலை உருவினாள், மறுபடி செருகினாள்.

பெரியக்காவுக்குக் கை சும்மா இருக்காது. மனசு சரியில்லை என்றால் எதையாவது தொட்டுப் பார்க்க வேண்டும். எருமையின் பின்பக்கம் கொடியில் தொங்கிய பச்சைத் துண்டை எடுத்தாள். துவைத்தால் துணி எவ்வளவு சுருங்கும் என்று பார்க்க, வெட்டுவதற்கு முன் ஒரு துண்டை நனைத்து உலர்த்துவது கூடத்தின் வழக்கம். உலர்த்துவது எப்போதும் எருமையின் முதுகில். மார்க்கர் போடும்போது அது விடும் அனல் மூச்சில் துண்டு அப்பளம் மாதிரி மொடமொடவென்று ஆகிவிடும்.

துண்டு சொதசொதவென்று இருந்தது.

பெரியக்கா அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு எருமையின் பின்பக்கம் உள்ளங்கையை வைத்தாள். காதையும் வைத்தாள்.

"டேய்."

"என்னக்கா?"

"இது வேலை செஞ்சுதா, தியானம் பண்ணுச்சா?"

தம்பி நகத்தைப் பார்த்தான்.

"இத்தனை நேரம் நான் கத்தாமலே பேசிட்டிருக்கேன், உங்களுக்கு என் பேச்சு காதுல விழுது. எருமை ஓடும்போது இந்த அறையில என்னிக்காவது அப்படி நடந்திருக்கா? என்னடா பண்ணின?"

வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவனுக்குப் பொய் சொல்லத் தெரியும். அக்காவிடம் சொல்லத் தெரியாது.

"நாலு கோர் மட்டும் போதும்னு சொல்லிட்டேன்," என்றான். "மீதி இருபத்தி நாலும் சும்மா உட்கார்ந்திருக்கு."

"ஏன்டா? உன் எருமைடா இது!"

"அவ ராவும் பகலும் ஆஸ்பத்திரியில எனக்காகக் காத்துக் கிடந்துட்டு, இங்க வந்து கூடத்தையும் ஓட்டியிருக்கா. அதுக்காக வாங்கின குதிரை. அது தோத்துத் திரும்பிப் போனா அவ முகத்தை நான் எப்படிப் பார்க்கறது? எப்படியும் குதிரை நல்லா ஓடும், துணி மிஞ்சும்னு நம்பினேன். எருமை ஜெயிச்சிடக் கூடாதேன்னுதான்..."

பென்சிலிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று பெரியக்காவால் முடிவு செய்ய முடியவில்லை.

"உனக்கு என்னடி?"

"நான் பெரிய எட்டையும் நிறுத்திட்டேன் அக்கா. எடுபிடி எட்டை மட்டும்தான் ஓட விட்டேன்."

"நீயுமா!"

"வீட்டுக்கு வந்ததும் அவர் என்னைக்கூடக் கேக்கல, எருமை எப்படி இருக்குன்னுதானே கேட்டாரு? அவ்வளவு பாசம். படுக்கையில இருக்கற மனுஷன் கண்ணு முன்னாடி அதை வாசல்ல தூக்கி வைக்கணுமா? குதிரை திரும்பிப் போனாப் போகட்டும்னு நினைச்சேன். எருமைதான் ஒரு நாளும் தப்பினதில்லையே, அது வார்டு துணியை எப்படியும் முடிச்சிடும்னு..."

"ஏம்மா," என்றான் தம்பி.

"என்ன ஏம்மா? நாலு கோரா? நாலு! வெட்கமா இல்ல? நான் எட்டாவது விட்டேன்."

"எடுபிடி எட்டு!"

பெரியக்கா ஈரத்துண்டால் தம்பியை ஒரு அடி, தம்பி மனைவியை ஒரு அடி அடித்தாள். பிறகு அதே துண்டால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க அப்பா கடையில எடைக்கல்லைத் தேய்ச்சவனைப் பார்த்திருக்கேன். தட்டுக்கு அடியில புளி ஒட்டினவனைப் பார்த்திருக்கேன். அடுத்தவன் சரக்கு கனமா தெரியணும்னு தன் சரக்கைக் குறைச்சு வச்ச திருடங்களை இன்னிக்குத்தான் பார்க்கறேன். ரெண்டு பேரும் நல்லா இருங்க. இப்போ தட்டில முழுசா வைங்க. என் கண்ணு முன்னாடி."

* * *

இந்தத் தடவை எருமை முழுசாக எழுந்தது.

முதலில் ஒரு உறுமல், பிறகு ஒரு ஊளை, பிறகு தொடர்ச்சியான புயல். கொடியில் மாட்டிய பச்சைத் துண்டு கொடியோடு கிடைமட்டமாகப் பறந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடிய சத்தம் கேட்டது. "ஐயா வந்துட்டார்," என்று தம்பி கத்தினான். கத்தினால்தான் கேட்கும். அவன் முகத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய நிறம் திரும்பியிருந்தது.

குதிரை சத்தம் போடவில்லை. அதன் பக்கத்தில் பென்சில் உட்கார்ந்திருந்தாள். திரையில் முதுகுகளும் கைகளும் காலர்களும் மீன் கூட்டம் மாதிரி திரும்பித் திரும்பி ஒன்றின் இடுக்கில் ஒன்று புகுந்தன. சிவப்பு முதுகு உள்ளே வந்தது. அதன் பின்னால் வெள்ளையாகத் துணியின் மிச்ச வால் தெரிய ஆரம்பித்தது.

"அக்கா! உள்ளே வந்திடுச்சு! வார்டு முழுக்க உள்ளே!"

"கத்தாதடி, கேக்குது."

"கத்தினாத்தான் அக்கா கேக்கும்!"

எருமையின் திரையில் சிவப்பு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் தினம் தினம் ஏறிப் பழகிய மேட்டில் ஏறுகிற மாதிரி அதுவும் அங்குலம் அங்குலமாக உள்ளே இழுத்தது. குதிரை ஒரு டீ ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்த இடத்துக்கு எருமை இரண்டாவது டீயும் ஆறிப்போனபோது வந்து சேர்ந்தது. சேர்ந்துவிட்டது, அதுதான் விஷயம். அதற்குள் குதிரை இன்னும் ஒரு முழம் மிச்சம் பிடித்திருந்தது.

தம்பி எழுந்து போய் இரண்டு திரைகளுக்கும் நடுவில் நின்றான். கொஞ்ச நேரம் மாறி மாறிப் பார்த்தான்.

"இதுல பேரமே இல்லக்கா," என்றான். "குதிரைதான். அதுவும் எருமை தின்கிற கரண்ட்டுல பாதிகூடத் தின்னாம. நான் வாங்கிட்டு வந்தப்போ எருமை ராஜா. இப்போ ஒரு ப்ராசஸர் ரெண்டு ப்ராசஸரைத் தூக்கிச் சாப்பிடுது. காலம் அப்படி." எருமையின் தகரத் தலையில் கை வைத்தான். "நீ கோவிச்சுக்காத."

"அது கோவிச்சுக்காது," என்றாள் பெரியக்கா. "அதுக்கு அவ்வளவு மெமரி இருந்தும் மனசுல வச்சுக்கத் தெரியாது."

பென்சில் மெதுவாகச் சொன்னாள். "நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி வந்த ஆர்டரெல்லாம் இது போட்டதுதான். எனக்கு மார்க்கர் பார்க்கக் கத்துக்குடுத்ததே இதோட திரைதான். இதை வாசல்ல வைக்க எனக்கு மனசு வரல அக்கா."

"யாரு வாசல்ல வைக்கச் சொன்னா?"

"சட்டம்..."

"தோத்தது இந்த அறையில இருக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்." பெரியக்கா கொடியிலிருந்து பச்சைத் துண்டை உருவி இரண்டு விரலால் நொடித்தாள். மொடமொடத்தது. "துவைக்கிற கொட்டகைக்குக் கொண்டுபோங்க. அங்க எவ்வளவு கத்தினாலும் யாரும் தூங்கல. நம்ம பழைய மார்க்கர், வடிவம் எல்லாம் அதோட வயித்துல பத்திரமா இருக்கட்டும். பெரிய ஆர்டர் வந்தா குதிரைக்குத் துணையா ஓடட்டும். மழை நாள்ல துணி காய வைக்க இதைவிட நல்ல மிஷின் எந்தக் கடையில கிடைக்கும்? அதுவும் மொடமொடன்னு!"

கடைக்காரர் அந்த நேரம் பார்த்து அழைத்தார். பெரியக்காவே எடுத்தாள். "குதிரை லாயத்தை விட்டு வராது. ஆனா ஒண்ணு சொல்றேன், சத்தமே போடல, ஓடுதான்னு சந்தேகமா இருக்கு, அதுக்கு ஏதாவது குறைச்சுப் போடுங்க."

தம்பி மனைவியின் கொண்டையிலிருந்து பென்சிலை உருவினான். அவன் வீட்டுக்கு வந்து கேட்காமல் விட்ட கேள்வியை இப்போது கேட்டான்.

"நீ எப்படி இருக்க?"

"சீக்கிரமே கேட்டுட்டீங்க," என்றாள் அவள், திரும்பிக்கொண்டு.

* * *

மதியம் மார்க்கர் காகிதம் பச்சைத் துணிமேல் விரிந்தது. கட்டிங் மாஸ்டர் ஒரு முனையில், பெரியக்கா மறுமுனையில். அவளுக்குத் துணியை நீவிவிடும்போது மட்டும் கை அவ்வளவு மென்மையாக இருக்கும். ஒவ்வொரு துண்டின்மேலும் அது யாருக்கு என்று பென்சில் எழுதியிருந்தாள். டிரிப் மாற்றியவங்க. விடியற்காலையில் ஜோக் சொன்னவங்க. ஊசி போடும்முன் மன்னிப்புக் கேட்டவங்க.

கடைசியில் துணியின் வால் வெறுமையாகக் கிடந்தது. தம்பி அதை நாற்காலியில் உட்கார்ந்தபடி மடியில் வைத்துக்கொண்டான்.

"மிச்சம் பிடிச்சாச்சு," என்றான். "பேரத்துல ஜெயிச்சது நான்."

"ஜெயிச்சு? ஆள் எங்கடா?"

அவள் கேட்டு முடிப்பதற்குள் போன் அடித்தது. தலைமை நர்ஸ். பெரியக்கா ஸ்பீக்கரில் போட்டு, முதல் வாக்கியத்திலேயே நிமிர்ந்தாள். "எல்லாருக்கும் ஆச்சும்மா. ஒருத்தர்கூட விட்டுப்போகல."

"தெரியும், நீங்க விட மாட்டீங்க," என்றது மறுமுனை. "நான் கூப்பிட்டது வேற விஷயம். உங்க தம்பி கேட்டுக்கிட்டே இருந்தாரே, அந்த ஆள் கிடைச்சிட்டாங்க."

தம்பி துணியோடு எழுந்துவிட்டான்.

"அவங்க நர்ஸ் இல்ல. வார்டு ஆளே இல்ல. கீழே சலவைப் பிரிவுல வேலை. படுக்கை விரிப்பு கொண்டு வர்றவங்க. அவங்க வேலை முடிஞ்சதும் மேலே வந்து உட்கார்ந்திருக்காங்க, தினமும். நீங்க உள்ளே வர்ற சத்தம் கேட்டா எழுந்து போயிடுவாங்களாம். ஏன்னு கேட்டேன், சிரிக்கிறாங்க. பேரு சொல்ல வேண்டாம்னு கெஞ்சறாங்க. சட்டையும் வேண்டாமாம்."

"விசித்திரமா இருக்கே," என்றாள் பென்சில்.

"அதைவிட விசித்திரம் ஒண்ணு. விரிப்பு எண்ணும்போது அவங்க ஒண்ணுன்னு சொல்றதே இல்ல. லாபம், ரெண்டு, மூணுன்னு எண்ணறாங்க. எங்க பிள்ளைங்க அதை வச்சுத்தான் அடையாளம் சொன்னாங்க."

கட்டிங் மாஸ்டரின் கத்தரிக்கோல் காற்றில் நின்றது. அவர் பெரியக்காவைப் பார்த்தார். தம்பிக்கு விவரம் தெரியும் முன்பே இந்த வீட்டை விட்டுப் போன இன்னொரு பெண்ணைத் தெரிந்த பழைய ஆள் இந்தக் கூடத்தில் அவர் ஒருவர்தான்.

பெரியக்கா துணியை நீவிய கையை எடுக்கவில்லை.

"ஹலோ? கேக்குதா? அவங்க அளவு வேணும்னா நான் எப்படியாவது..."

"வேண்டாம்மா," என்றாள் பெரியக்கா. பேரம் பேசாத குரல். அந்த வீட்டில் யாரும் கேட்டிராத குரல். "ரொம்ப நன்றி. வச்சிடறேன்."

முதல் தடவையாக அவள் அந்த வார்த்தையை இலவசமாகக் கொடுத்தாள்.

"யாருக்கா அது?" என்றான் தம்பி.

அவள் அவன் கையிலிருந்து சரிந்த துணியை வாங்கி, மேசையின் ஓரத்தில் தனியாக விரித்தாள். கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றிச் சுருட்டி இழுப்பறைக்குள் போட்டு மூடினாள்.

"பென்சிலை எடுத்து எழுதிக்கடி. உயரம் என் உயரம். தோள் மட்டும் என்னைவிட ஒரு விரல் இறக்கம். பாக்கெட் ரெண்டு பக்கமும் வை, எதையாவது போட்டு மறந்துக்கிட்டே இருப்பா."

"அக்கா, யாருன்னு..."

"துணி கொஞ்சம்தான் இருக்கு. குதிரையை ஓட்டு, எருமையையும் எழுப்பு," என்றாள் பெரியக்கா. "அளவு எனக்குத் தெரியும்."